மண்ணில் செம்பு படாத ஆன்டெனா

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் பாஸ்டர் அயலானை நேசிக்கச் சொல்லுவார். அவர் இருப்பது சமதளத்தில், வாடகை வீட்டில். நியூ ஜெர்சியில் ஒரு சரிவில், மேட்டு வீட்டுக்காரருக்குக் கீழே வீடு வாங்கியவனுக்கு அந்தப் பிரசங்கம் அவ்வளவு லேசில் இறங்காது. மேலே இருக்கிறவர் விடுவதை எல்லாம் கீழே இருக்கிறவன் வாங்கிக்கொள்ள வேண்டும். இலை வரும். பனி உருகின தண்ணீர் வரும். புல்லுக்கு அவர் அடிக்கிற மருந்து வரும். இது போதாதென்று அவர் வீட்டு இரைச்சலும் என் ரேடியோவுக்குள் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன். என் மனைவி நர்ஸ். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்கா வந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் விளக்கு, பாய்லர், கதவுப் பூட்டு எல்லாம் பார்க்கிற வேலை. அது தவிர எனக்கு உள்ள ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒலிபரப்பி, உலகத்தில் எங்கோ இருக்கிற இன்னொருவனோடு மோர்ஸ் தட்டிப் பேசுவது. இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்காத சொந்தக்காரன் கிடையாது.

இந்தப் பைத்தியம் எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரே வருடத்தில் பிடித்தது. நாகர்கோவில் பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. இரண்டு பேரும் ஒன்றாகப் பரீட்சை எழுதினோம், ஒரே மோர்ஸ் கீயை மாற்றி மாற்றித் தட்டினோம். அவன் ஊரிலேயே இருந்துவிட்டான். டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை. மற்ற நேரமெல்லாம் கோவில் காரியம். நாங்கள் ஆர்.சி. குடும்பம். பங்குப் பேரவையில் அவன் இல்லாமல் திருவிழாக் கொடி ஏறாது. எனக்கோ கல்யாணத்தோடு என் மனைவியின் சபையில் கர்த்தர் பேசினார். கைக்குழந்தையில் கோவிலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று, ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வாசலில் நின்று சொன்னான், "சின்னதுல உனக்கு ஊத்துன தண்ணி தண்ணி இல்லன்னா, தூக்கிட்டுப் போன அப்பாவும் அம்மையும் பொய்யாலே?"

அதுதான் அவன் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு. எடுத்த தீர்மானத்துக்கு நான் வருந்தவில்லை. இன்றைக்கும் அதே தண்ணீரில் இறங்குவேன். ஆனால் அவன் போனை எடுக்க மாட்டான். என் மனைவி எண்ணிலிருந்து கூப்பிட்டாலும், அமெரிக்க நம்பரைக் கண்டதும் வெட்டிவிடுவான். ஊரிலுள்ள அக்கா வழியாக நான் கேட்கிற சேதிக்கெல்லாம், "நல்லாத்தான் இருக்கான்" என்ற ஒரே பதில் வரும்.

இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. உலகத்தில் எந்த ஹாம் ரேடியோக்காரனை இன்னொருவன் எங்கே இருந்து கேட்டான் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதில் அண்ணனுடைய அழைப்புக் குறியை, அதாவது லைசென்ஸோடு ஒவ்வொருவனுக்கும் கொடுக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளத்தைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். தினம் சாயங்காலம், அங்கே ஆறு மணிக் கோவில் மணி அடிக்கும் முன்னால், எண்பது மீட்டர் அலையில் மோர்ஸ் தட்டுகிறான். ஆஸ்திரேலியாவில் எவனோ கேட்டிருக்கிறான். ஜப்பானில் கேட்டிருக்கிறார்கள். என் கூடப் பிறந்தவனை எவனெவனோ கேட்கிறான், நான் கேட்கவில்லை.

எண்பது மீட்டர் என்பது நீண்ட அலை. பகலில் வெகுதூரம் போகாது, இருட்டில்தான் போகும். மார்கழியை ஒட்டி நியூ ஜெர்சியில் சூரியன் உதிக்கிற நேரமும் நாகர்கோவிலில் அஸ்தமிக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சேரும். இரண்டு பக்கமும் மங்கல் வெளிச்சம். அந்தச் சிறிது நேரம் மட்டும் வட துருவத்தின் விளிம்பு வழியாக ஒரு பாதை திறக்கும். அண்ணனுடைய சத்தம் வடகிழக்கிலிருந்து என் வீட்டுக்கு வர வேண்டும். தேவன் அப்படி ஒரு வாசலை வைத்திருக்கிறார். அந்த வாசலில்தான் மேட்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மர வேலி. என் நிலம் ஒடுக்கம்; தெருவிலிருந்து பின்னால் போகப் போக ஏறிக்கொண்டே போய் அவர் வேலியில் முட்டும். வடகிழக்கு மூலைக்கு அந்தப் பக்கம் அவர் கராஜ். கராஜ் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. கூரையில் உள்ள சோலார் தட்டுகள் பகலில் சேர்க்கிற கரண்டை இராத்திரி முழுவதும் வீட்டுக்குக் கொடுக்கிற பேட்டரி அது. தமிழர்தான், கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டர். இந்தியக் கடைகள் உள்ள ஐசலினில், காய்கறிக் கடையில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவார். பக்கத்தில் நிற்கிறவரிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம சிஸ்டரோட வீட்டுக்காரர்" என்பார். எனக்கு என்று ஒரு வேலை இருப்பதை அவர் வாய் சொன்னதே இல்லை. அவர் கூரைத் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் சரியாக என் எல்லையில் வந்து முடியும். மழை பெய்தால் என் பேஸ்மென்ட்டில் தண்ணீர் நிற்கும். அதற்காக டவுன்ஷிப்பில், இங்கே அதுதான் நகராட்சி, ஒரு புகார் கொடுத்திருந்தேன். அதிலிருந்து தலையாட்டலும் நின்றது.

கேட்பதற்கு என்று தனியாக ஆன்டெனா போட வேண்டும் என்று இங்குள்ள ரேடியோ கிளப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொன்னார். அனுப்புகிற ஆன்டெனா வேறு, அது என் கூரை மேல் ஏற்கெனவே இருந்தது; கேட்கிற ஆன்டெனா வேறு. கேட்பதற்குப் பலம் தேவையில்லை. எந்தப் பக்கம் செவிடாக இருக்க வேண்டும் என்று தெரிந்த ஆன்டெனாவாக இருந்தால் போதும். இரைச்சல் வரும் பக்கம் அது காதைப் பொத்திக்கொண்டால், மெல்லிய சத்தம் தானாக எழும்பி வரும். இந்த ஒரு விஷயம் எனக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டில் சொன்னேன். "அது உங்களுக்குப் பொறவியிலேயே உண்டுல்லா, நான் பேசுத பக்கம்" என்றாள் என் மனைவி.

கிளப் பெரியவர் சிபாரிசு செய்தது முழங்கால் உயரத்தில் ஒரே நேர்கோட்டில் இழுத்துக் கட்டுகிற நீளக் கம்பி. எத்தனை நீளம் என்று கேட்டேன். கிளப்புக்கு எதிரே இருந்த கால்பந்து மைதானத்தைக் காட்டி, இது மாதிரி இரண்டு இருந்தால் நல்லது என்றார். என் கொல்லையில் ஒரு கார் திருப்ப இடம் இல்லை. நிலம் வைத்திருக்கிறவன் சொல்கிற யோசனை எல்லாம் இப்படித்தான் இருக்கும். வேறே என்ன என்று கேட்டதற்கு, அதே கம்பியைக் குட்டையாக வெட்டித் தரையிலேயே படுக்கப் போட்டாலும் ஓரளவு கேட்கும், இரண்டு முனையிலும் செப்புக் கோல் அடித்துக்கொள் என்றார்.

அக்டோபரில் அதைச் செய்தேன். தெரு மூலையிலிருந்து வடகிழக்கு மூலை வரைக்கும் குறுக்காகக் கம்பி. கீழ் முனையில் ஒரு செப்புக் கோல், மேல் முனையில், வேலியிலிருந்து ஒரு முழம் தள்ளி என் நிலத்துக்குள், இன்னொன்று. கோலைச் சுற்றி வெறும் செப்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடினேன். அடிக்கும்போது முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன். நான் எதை நட்டாலும் ஜெபித்துத்தான் நடுவேன், தக்காளிச் செடியானாலும் சரி.

ரேடியோ இருப்பது பேஸ்மென்ட்டில். விடியற்காலம் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால், அரிசி மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு கிர்ர். அதற்கு அடியில் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றினேன். தெருப் பக்கம் போனால் குறைந்தது. வேலியை ஒட்டி மேலே போகப் போக ஏறியது. வடகிழக்கு மூலையில், வெள்ளைப் பெட்டிக்கு நேராக, பேய் பிடித்த மாதிரிக் கத்தியது. தினம் காலையில் நடந்து பார்த்தேன், ஒருவேளை வேறெதுவோ என்று. நடந்துகொண்டே ஜெபம் பண்ணுவேன், ஆண்டவரே, இந்த இரைச்சலை அடக்கும் என்று. உதடு அசையும், சத்தம் வராது.

ஒரு சனிக்கிழமை அவர் வேலிக்கு வந்தார். கையில் காபி.

"ஏனுங்க, தெனமும் எங்க வேலியோரமா என்ன பண்றீங்க? கேமராவுல பாத்துட்டேதான் இருக்கறேன்."

நான் மரியாதையாகவே சொன்னேன், அவருடைய பேட்டரிப் பெட்டி ரேடியோவில் இரைகிறது, என் அண்ணனைக் கேட்க முடியவில்லை என்று.

"என்ற வீட்டுல ஒண்ணும் கேக்கலீங்களே."

"ரேடியோ வச்சிருந்தா கேக்கும்."

"அப்ப ரேடியோவ ஆஃப் பண்ணிருங்க. பிரச்சன முடிஞ்சுது."

இரைச்சலை அடக்க ஒயர்களில் மாட்டுகிற காந்த வளையங்கள் நானே வாங்கி மாட்டித் தருகிறேன் என்றேன். வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார். கம்பெனிக்காரனையே கூப்பிடுங்கள் என்றேன். அவன் வருகிற நாளில் எல்லாம் தன்னால் லீவு போட முடியாது என்றார். பிறகு காபியைக் குடித்து முடித்துவிட்டு, அண்ணனுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டால் என்ன, இந்தக் காலத்தில் யாருங்க தந்தி அடிக்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் போனை எடுக்க மாட்டான் என்று அந்த மனுஷனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. திங்கட்கிழமை டவுன்ஷிப் ஆபீஸ் திறந்ததும் போன் பண்ணி, குழாய்ப் புகார் என்னாயிற்று என்று கேட்டேன். அதற்குத்தான் அன்றைக்கு என் கையில் பலம் இருந்தது.

அந்தச் சமயத்தில் அவர் அம்மா ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். சமையலறை ஜன்னலில் அவர்கள் முகம் எப்போதும் இருக்கும். நான் வணக்கம் சொன்னால் திரை விழும்.

ஒரு நாள் காலையில் கம்பி அடியோடு செத்திருந்தது, இரைச்சல்கூட இல்லை. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். செப்புக் கோலைப் பிடுங்கி என் பக்கமே எறிந்திருந்தார்கள். சுற்றியிருந்த கம்பி பிய்ந்து கிடந்தது. கோல் இருந்த குழியில் மஞ்சள் தண்ணீர். அதைச் சுற்றி நாலாக வெட்டின எலுமிச்சம்பழம் குங்குமம் தடவி, காய்ந்த மிளகாய், கல் உப்பு.

ஆண்டவரை அறிந்தவனுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? எனக்குத் தோன்றியது. பிசாசுக்கு என் வீட்டு எல்லையில் சாப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தொடவில்லை. பாஸ்டருக்குப் போன் பண்ணினேன். சாயங்காலமே சபையிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலி மூலையில் சுற்றி நின்று, கைகளை மேட்டு வீட்டுப் பக்கம் நீட்டி, இயேசுவின் நாமத்தில் பிசாசைக் கட்டி ஜெபித்தார்கள். ஒரு சகோதரர் அந்நிய பாஷையில் பேசினார். எல்லோருடைய குரலும் உரத்துத்தான் போயிற்று. ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகி இருந்ததை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பார்க்கட்டும் என்று.

மறுநாள் அவர், அம்மாவை முன்னால் விட்டுக்கொண்டு, என் வாசலுக்கே வந்துவிட்டார். நைட் டியூட்டி முடித்து வந்து யூனிஃபார்ம்கூட மாற்றாமல் என் மனைவிதான் கதவைத் திறந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் பேச்சு தெளிவாக வந்தது.

"எங்கூட்டுக் கன்னி மூலைலதான் உனக்கு எடங் கெடச்சுதா, தம்பி? காலங்காத்தால முணுமுணுன்னு மந்திரஞ் சொல்லீட்டு வேலியச் சுத்தற. செம்ப நட்டுப் பொதைக்கற. நேத்து ஆளக் கூட்டியாந்து எங்கூட்டப் பாத்துக் கைய நீட்டி, புரியாத பாசைல ஓதற. என்ற பையன் ஒரு மாசமா முதுகு நிமுர முடியாமக் கெடக்கறான்."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் வடகிழக்கு மூலை அவர்களுக்குத் தென்மேற்கு. கன்னி மூலை. அதில் ஒருவன் செம்பைச் சுருட்டிப் புதைக்கிறான். என்னுடைய ஊரிலும் ஒருவன் அப்படிப் புதைத்தால் ஊர் கூடியிருக்கும்.

"எலுமிச்சம்பழம் வச்சது யாரு?" என்றேன்.

"நாந்தான். நீ வெச்சே, நான் எடுத்தேன்."

"நான் வச்சது ஆன்டெனா, அம்மா. செய்வினை வைக்கதெல்லாம் எங்களுக்குப் பாவம்."

"வெக்கறவன் எவன் வெச்சேன்னு சொல்லுவான்?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டைரக்டர் வேலை பார்க்கிறவர், இது அசட்டுத்தனம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அம்மாவைத் தடுக்கவில்லை. முதுகு வலிக்குக் காரணம் கிடைத்ததில் அவருக்கும் ஒரு ஆறுதல் இருந்திருக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் மனைவி பாதி தூக்கத்தில் கதவில் சாய்ந்திருந்தாள். "இவருக்கு மந்திரம் தெரிஞ்சா, அம்மா, உங்க கூரைத் தண்ணி எங்க பேஸ்மென்ட்டுக்குள்ள வருமா?" என்றாள்.

அந்த அம்மாள் அதை யோசித்தார்கள். உண்மையிலேயே யோசித்தார்கள், முகத்தில் தெரிந்தது. பிறகு, "எதுக்கும் செம்பு மண்ணுக்குள்ள போகக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். மகன் பின்னாலேயே போனார், குனிந்தபடி.

நான் விடுவேனா. செம்பு மண்ணில் படாத ஆன்டெனா ஒன்று உண்டு என்று கிளப்பில் கேட்டுவந்தேன். நாலு பிளாஸ்டிக் கம்பங்களில் செவ்வகமாகக் கம்பியைக் கட்டி, ஒரு முனையில் ஒரு சிறு மின்தடை, இன்னொரு முனையிலிருந்து ரேடியோவுக்கு ஒயர். கட்டில் சட்டத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி, தரைக்கு மேலேயே நிற்கும். சரிவில் நின்றாலும் கவலையில்லை, மண்ணோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் செவிடு. அம்மாளுக்குப் பயந்து இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழைத் தண்ணீர் ஊறின மண்ணில் அந்தப் படுக்கைக் கம்பியும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆனாலும் செம்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது வெறுப்பாக இருந்தது.

சட்டத்தைக் கொல்லையின் நடுவில் நிறுத்தி வடகிழக்கைப் பார்க்கத் திருப்பினேன். தெருவில் இருந்து வந்த சில்லறை இரைச்சல் எல்லாம் விளக்கை அணைத்தது போல அணைந்தது. மேட்டு வீட்டுக் கிர்ர் மட்டும் அப்படியே நின்றது. மற்றதெல்லாம் அடங்கினதில் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. சட்டத்தைத் திருப்பி அவருக்கு முதுகைக் காட்டினேன். கிர்ர் போயிற்று. அமைதி. ஆனால் வடகிழக்கும் போயிற்று, அதோடு என் அண்ணனும்.

நாலைந்து நாள் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியவனும் வேண்டாதவனும் ஒரே திசையில் இருந்தார்கள். ஒருவனுக்குச் செவிடானால் மற்றவனுக்கும் செவிடாக வேண்டும். இதற்கு உலகத்தில் எவனும் ஆன்டெனா விற்பதில்லை.

சாப்பிடும்போது இதை நான் புலம்பினேன். என் மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "வார்டுல பேஷன்ட்டுக்கும் எனக்கும் நடுவுல டி.வி. அலறிக்கிட்டு இருந்தா, நான் வாசல்ல நின்னுக்கிட்டா காதத் தீட்டுவேன்? டி.வி.யத் தாண்டிப் போயி கட்டில்கிட்ட நிப்பேன். டி.வி. எனக்கு முதுகுக்குப் பொறத்த போயிரும்."

சட்டத்தை அவர் வீட்டைத் தாண்டி, மேட்டின் உச்சியில் வைத்தால், அவர் வீடு அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் வெறும் வானம், அண்ணன் மட்டும். மேட்டு வீட்டுக்காரருக்குச் செவிடாக இருக்க வேண்டுமானால் அவருடைய நிலத்திலேயே போய் நிற்க வேண்டும்.

"போய்க் கேளுங்க" என்றாள்.

"அவன்கிட்டயா?"

"அண்ணன் வேணுமா வேண்டாமா?"

தேவனுக்கு முன்னால் என் முழங்கால் எத்தனையோ தடவை மடங்கியிருக்கிறது. அவர் வீட்டு வாசற்படியில் அது விறைத்துப் போயிற்று. மணியை அடித்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அவரே திறந்தார், முதுகு வலிக்கு இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். இரைச்சலைப் பற்றிப் பேச வரவில்லை, உங்கள் பெட்டி உங்கள் இஷ்டம்; உங்கள் கொல்லைக் கோடியில் உள்ள ஷெட்டுக்குப் பின்னால், உச்சியில், பனிக்காலம் முடியும் வரைக்கும் நாலு கம்பம் நட அனுமதி வேண்டும். அண்ணன் என்னோடு பேசுவதில்லை, போனை எடுப்பதில்லை, இதுதான் ஒரே வழி என்பதையும் அப்போதுதான் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நினைத்துப் போனது அது.

அவர் முகத்தில் இளக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"டவுன்ஷிப் கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்கீருங்க" என்றார். "குழாய் இருக்கற எடத்துலயே இருக்கும். சரீன்னா வெச்சுக்குங்க."

அண்ணன் பெயரைச் சொல்லி நான் நெஞ்சைத் திறந்து காட்டினேன், அவர் குழாயை எடுத்து நீட்டினார். திரும்பி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. சரி என்றேன். உள்ளே சமையலறையிலிருந்து அம்மாள் குரல் வந்தது, "செம்பு கூடாதுன்னு சொல்லு." சொல்லவே தேவையில்லை, இதில் செம்பு மண்ணில் படாது என்று நானே உரக்கச் சொன்னேன். "பழம் நான் வெப்பேன், அதையும் சொல்லு" என்றார்கள். நான் படியிறங்கினேன்.

அடுத்த வேலை நாளில் டவுன்ஷிப் ஆபீஸுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினேன். அங்கிருந்த பெண் நிச்சயமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, தனி ஆளாக ஷெட்டுக்குப் பின்னால் சட்டத்தை நிறுத்தினேன். அவர் ஜன்னலில் நின்று பார்த்தார், கை கொடுக்க வரவில்லை. முதுகு வலி என்று வைத்துக்கொள்கிறேன். ஒயரை வேலியோரமாகச் சரிவில் இழுத்துக்கொண்டு என் பேஸ்மென்ட் ஜன்னல் வரைக்கும் கொண்டுவந்தேன். மறுநாள் நாலு கம்பங்களின் அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் இருந்தன. பாஸ்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. குழாய் தன் வேலையைச் செய்தது. பேஸ்மென்ட்டில் தண்ணீரை இறைக்க ஒரு மோட்டார் வைத்திருக்கிறேன், அது ஓடினால் அதுவும் ரேடியோவில் இரையும். விடியற்காலம் அதை அணைத்துவிட்டு, செருப்புக் காலோடு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். கிர்ர் முற்றிலும் போகவில்லை. தூரத்தில் யாரோ அரைக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஜெபம் பண்ணினேன். கேட்கிற காதைத் தாரும் என்று மட்டும்.

ஜன்னல் சாம்பல் நிறமாக மாறினபோது அது வந்தது. மெல்லிசாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஏறி இறங்கி. மோர்ஸ் தட்டுகிறவனுக்குக் கை என்று ஒன்று உண்டு; கையெழுத்து மாதிரி. என் அண்ணன் நீளத் தட்டலை ஒரு துளி கூடுதலாக இழுப்பான், எழுத்து முடிந்ததும் மூச்சு விடுகிற மாதிரி நிறுத்துவான். சின்ன வயதில் அதற்காக அவனை நான் கேலி பண்ணுவேன். அழைப்புக் குறியைக் கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் கை எனக்குத் தெரிந்துவிட்டது. யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாக அழைத்துக்கொண்டிருந்தான். ஒரு ரஷ்யாக்காரன் பதில் சொன்னான். அவனுக்கு அண்ணன் ரிப்போர்ட் கொடுத்தான். மறுபடி அழைத்தான்.

அன்றைக்கு நான் பதில் தட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் கீயில் கையை வைத்து, அமெரிக்காவில் எடுத்த என் அழைப்புக் குறியைத் தட்டினேன். அக்கா மூலம் அது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டாலும் என் கை அவனுக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் நின்றுபோயிற்று. இவ்வளவு நேரம் அவன் நிறுத்தினதே இல்லை. எழுந்து போய்விட்டான் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக என் அழைப்புக் குறியைத் திருப்பித் தட்டினான். அதன் பிறகு மூன்று எண்: இரண்டு, இரண்டு, ஒன்பது.

விளக்கிச் சொல்ல வேண்டும். ஒருவன் சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதற்கு மூன்று எண்ணில் ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் வழக்கம். கொஞ்சம்கூடக் கேட்காவிட்டாலும் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்து, ஒன்பது, ஒன்பது என்றுதான் கொடுப்பார்கள், மிக நன்றாகக் கேட்கிறது என்று. அது ஒரு மரியாதை. ரஷ்யாக்காரனுக்கு அண்ணன் அதைத்தான் கொடுத்தான். எனக்கு இரண்டு, இரண்டு; கடைசி ஒன்பது தொனிக்கு, அது யாருக்கும் மாறாது. உன் சத்தம் மிக மிகச் சன்னம், ஒருசில எழுத்துதான் பிடிபடுகிறது என்று அர்த்தம். வழக்கமாகப் பெயரும் ஊரும் அனுப்புவார்கள். அவன் அனுப்பவில்லை.

நானும் உள்ளதைத்தான் கொடுத்தேன். மூன்று, மூன்று, ஒன்பது. பெயர் அனுப்பவில்லை.

அங்கே ஆறு மணி ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டேன். மணி அடித்திருக்கும், மணி அடித்தால் செட்டை அணைத்துவிட்டு எழுந்து சிலுவை போடுகிறவன் அவன், மாற்ற மாட்டான். ஆனால் அணைக்கவில்லை. இழுத்து இழுத்து ஒரு சொல் வந்தது, 'மறுபடி' என்று. மோர்ஸில் அதற்கு மூன்றே எழுத்து. கேட்கவில்லை, திரும்ப அனுப்பு என்று பொருள்.

திரும்ப அனுப்பினேன். அந்த நேரத்தில் மேட்டு வீட்டுக் கூரையில் வெயில் பட்டது. சோலார் தட்டுகள் விழித்துக்கொண்டன. முதுகுப் பக்கத்திலிருந்தும்கூட இரைச்சல் எழும்பி அரிசி மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மறுபடி என்று இன்னொரு தடவை வந்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஏறி, செருப்பு ஒன்று மிதந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. மோட்டாரைப் போடு என்று மேலேயிருந்து என் மனைவி கத்தினாள். நான் போடவில்லை. இன்னொரு தடவை தட்டினேன்.